அந்த ஒரு புள்ளி

மன்னை மோட்டார்: "பாகைக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாத விமானிகள் 87 பேரைக் கொன்றார்கள்" என்று குடந்தைவாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1992 ஜனவரி 20. பிரான்ஸில் லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போன ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் இறங்கும்போது செயிண்ட் ஓடில் மலையில் மோதியது. 96 பேரில் 9 பேர்தான் பிழைத்தார்கள். 3.3 பாகை சரிவில் இறங்க நினைத்திருக்கிறார்கள், கருவியோ நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கும் முறையில் இருந்திருக்கிறது. முதலாவதை -3.3 என்று காட்டும், இரண்டாவதை -33 என்று காட்டும். ஒரே குமிழ், ஒரே கட்டம். நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்!

குடந்தைவாசி: எந்த முறை என்று அங்கேயே எழுத்தில் தெரியுமே. பார்க்காதது யார் குற்றம்?

மன்னை மோட்டார்: இருட்டு, மேகம், கடைசி நேரத்தில் மாறிய இறங்கும் திட்டம். எங்கள் பட்டறைக்கு வரும் பம்புசெட் பெட்டியில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே மீட்டரில் வரும். பகலிலேயே மாற்றிப் படிக்கிறார்கள். புள்ளி சார், புள்ளி.

குடந்தைவாசி: ஏர்பஸ்ஸைப் பம்புசெட்டோடு சேர்த்த முதல் மேதை நீங்கள்தான். மன்னார்குடியில் மலை எந்தப் பக்கம்?

ஆரூரான்: அண்ணே, தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவியே அந்த விமானத்தில் இல்லை. நிறுவனம் பொருத்தவில்லை. அதைப் பேசுங்களேன்.

மன்னை மோட்டார்: தம்பி, அது அப்புறம். முதலில் புள்ளி.

குடந்தைவாசி: விசாரணை அறிக்கையே இந்த முறைக் குழப்பத்தை அநேகமாக நடந்திருக்கக்கூடியது என்றுதான் சொல்கிறது. நீங்கள் என்னவோ பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த மாதிரி! 2006-இல் கோல்மார் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட ஆறு பேரையும் விடுவித்ததே, தெரியுமா?

மன்னை மோட்டார்: தெரியும். கருவியில் குறையே இல்லையென்றால், விபத்துக்குப் பிறகு அடிக்கணக்கை நான்கு இலக்கத்தில் காட்டும்படி ஏன் மாற்றினார்கள்? -33 என்று இருந்தது -3300 ஆனது. ஏன்? பதில் வராது. போன ஜூனில் "மேட்டூரில் 12,000 டி.எம்.சி. திறப்பு" என்று எழுதியவர்தானே நீங்கள். அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. வீட்டில் காபி குடித்துக்கொண்டு எழுதிய உங்களுக்கே கன அடி டி.எம்.சி. ஆகிவிட்டது.

குடந்தைவாசி: அது தட்டச்சுப் பிழை. அன்றே திருத்திவிட்டேன்.

மன்னை மோட்டார்: மூன்று நாள் கழித்து. நான் சொன்ன பிறகு.

ஆரூரான்: எத்தனை கன அடி திறந்தால் என்ன, எங்கள் கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை.

குடந்தைவாசி: வாய்க்காலைத் தூர்வாராமல் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள்.

ஆரூரான்: வாய்க்காலை மேலே அடைத்து வைத்திருப்பது யார் ஊர்? வாயைக் கிளறாதீர்கள்.

மன்னை மோட்டார்: இரண்டு பேரும் பேச்சை மாற்றுகிறீர்கள். புள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை.