எங்கள் நாய் கோப்பி உறுமியது எதற்காக – எங்கள் குடும்பக் குழுவில் மூன்று வாரம்

சனிக்கிழமை, இரவு 8:14

கவிதா: எல்லாருக்கும் ஒரு விஷயம். கோப்பி இன்று என் வீட்டுக்காரரைக் கடித்துவிட்டான். சாப்பிடும்போது தட்டை ஓரமாகத் தள்ளி வைக்கலாம் என்று கையை நீட்டினார், அவ்வளவுதான். புறங்கையில் பல் பதிந்து இரத்தம் வந்துவிட்டது.

ராஜன் மாமா: அன்றைக்கே சொன்னேன். நாலு வயது நாயைக் காப்பகத்திலிருந்து எடுக்காதே, குட்டியாக எடு என்று.

செல்வி சித்தி: அண்ணா, அதை அப்புறம் பேசுவோம். கவிதா, மாப்பிள்ளை கையைக் கழுவினாரா?

கவிதா: குழாயில் காட்டிவிட்டு மஞ்சள் வைத்தோம் சித்தி.

செல்வி சித்தி: மஞ்சளை எடுத்துவிடு. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல். மணியைப் பார்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் இன்று இரவே மருத்துவமனை. கோப்பிக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

ராஜன் மாமா: ஆமாம், அதில் விளையாட்டு வேண்டாம். 2015-இல் பினாங்குக்கே வெறிநாய் நோய் வந்தது. முற்றிவிட்டால் காப்பாற்ற முடியாத நோய். உடனே கிளம்புங்கள்.

இரவு 11:40

கவிதா: வந்துவிட்டோம். காயத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். பத்து நாள் கோப்பியை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். பாப்பா அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். கோப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா என்று கேட்கிறாள். எனக்கே பதில் தெரியவில்லை.

அம்மா: ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு. எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஞாயிறு, காலை 7:05

ராஜன் மாமா: என் யோசனை இதுதான். செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு போடு. தட்டில் கையை விட்டுக் காட்டு. வீட்டில் யார் தலைவன் என்று நாய்க்குத் தெரிய வேண்டும்.

தினேஷ்: மாமா, மன்னிக்க வேண்டும், அது மட்டும் வேண்டாம். நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு அப்படி அடி வாங்கிய நாய்கள் வருகின்றன. அந்தத் தலைவன் பேச்சே கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து வந்தது. காட்டு ஓநாய்களோடு வருடக்கணக்கில் இருந்த டேவிட் மெக் என்ற ஆராய்ச்சியாளர் 1999-லேயே எழுதிவிட்டார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள்தான். கோப்பி நம்மை ஆளப் பார்க்கவில்லை. சோறு பறிபோகும் என்று பயப்படுகிறான்.

தினேஷ்: கவிதா அக்கா, கடிப்பதற்கு முன்னால் உறுமினானா?

கவிதா: நேற்று இல்லை. ஆனால் அந்த வாரத்தில் மூன்று தடவை உறுமினான். ஒவ்வொரு தடவையும் நான் அதட்டினேன்.

செல்வி சித்தி: கவிதா, இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். ஜிம்மியை ஞாபகம் இருக்கிறதா? அவன் உறுமும்போதெல்லாம் நானும் இப்படித்தான் அதட்டினேன். இரண்டு மாதத்தில் உறுமலே நின்றுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பந்தை எடுத்தான். சத்தமே இல்லை, நேராகக் கன்னத்தில் கடித்துவிட்டான். பையனுக்கு நாலு தையல். உறுமல்தான் ஜிம்மிக்கு இருந்த வாய். அந்த வாயை நானே அடைத்துவிட்டேன். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. கோப்பி உறுமினால் அப்படியே நின்று, பின்னால் நகர்ந்து, அவனுக்கு இடம் கொடு.

கவிதா: சித்தி, இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே.

செல்வி சித்தி: சொல்ல வாய் வரவில்லை, கண்ணு.

தினேஷ்: அக்கா, இன்னொன்று. தைப்பூசத்துக்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர் தங்கினார்கள்?

கவிதா: ஈப்போவிலிருந்து பதினொரு பேர். நாலு நாள். தேர் டத்தோ கிராமட் சாலையில் போனபோது மேளமும் தேங்காய் உடைக்கும் சத்தமும் வீட்டுக்குள்ளேயே கேட்டன. அவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். சரியாகச் சாப்பிடவும் இல்லை. தலையை வேறு உதறிக்கொண்டே இருந்தான்.

தினேஷ்: வீட்டுக்கு வந்து ஆறு வாரம்தான். அதற்குள் கூட்டம், சத்தம், தூக்கமில்லை. ஒவ்வொன்றாக வந்திருந்தால் தாங்கியிருப்பான். தலை உதறுவதுதான் எனக்குச் சந்தேகம். நாளைக்கே மிருக டாக்டரிடம் காட்டுங்கள்.

திங்கள், மாலை 6:20

கவிதா: இரண்டு காதிலும் புண். உள்ளே பழுப்பாக அழுக்கு, கெட்ட வாடை. இவ்வளவு வலியோடு இருந்திருக்கிறான், நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம். கழுத்தைச் சுற்றி முடிக்கு அடியில் சங்கிலி அறுத்த தழும்பும் இருக்கிறது. மற்ற நாய்களோடு போட்டி போட்டுத் தின்றிருப்பான் போல என்றார் டாக்டர்.

அம்மா: பாவம், வாயில்லாத ஜீவன்.

தினேஷ்: இனி பின்கட்டில் கதவைச் சாத்திச் சாப்பாடு கொடுங்கள். தட்டை எடுப்பது அவன் வெளியே போன பிறகுதான். பாப்பாவும் அவனும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் வேண்டாம், ஒரு நிமிடம்கூட. இடையில் தடுப்புக் கதவு போடுங்கள்.

தினேஷ்: காது ஆறட்டும். அப்புறம் அத்தான் பத்தடி தூரத்தில் நடந்து போகும்போது ஒரு துண்டு கோழி ஈரலைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். ஆள் வந்தால் சோறு போகாது, கூடவே நல்லது வரும் என்று அவனுக்குப் பதிய வேண்டும். உடம்பு விறைத்தாலோ, அவசரமாக விழுங்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். வாலை ஆட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்.

ராஜன் மாமா: வாய்க்கூடு போடலாமா?

தினேஷ்: போடலாம் மாமா. கூடை மாதிரி இருப்பதுதான் சரி, அதில் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். ஆனால் உள்ளே தின்பண்டம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

செல்வி சித்தி: சீனப் பெருநாள் வருகிறது. எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும்போது, பினாங்கு முழுக்க வெடிப்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வராதீர்கள், அவனோடு இருங்கள்.

மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9:02

கவிதா: காது ஆறிவிட்டது. வெடிச்சத்தத்தன்று நடு அறையில் மின்விசிறியை வேகமாக வைத்து அவனோடு உட்கார்ந்திருந்தோம். நடுங்கினான், ஆனால் அவர் காலடியில் வந்து படுத்தான். இன்று ஆறடி வரை போயிருக்கிறார். கோப்பி தலையைத் தூக்கி ஈரல் வருமா என்று பார்க்கிறான். நேற்று ஒரு தடவை உறுமினான், அவர் அப்படியே பின்வாங்கிவிட்டார்.

செல்வி சித்தி: உறுமினானா? நல்லது, நல்லது.

ராஜன் மாமா: நாளைக்கு நான் பாசாரிலிருந்து ஈரல் வாங்கி வருகிறேன். எத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடு.

கவிதா: உங்களுக்குப் பத்தடி மாமா. வீசிவிட்டு நிற்காமல் நடந்துவிடுங்கள்.