டாக்கா முகமதன்: 2002க்கும் 2025க்கும் நடுவில் என்னதான் நடந்தது?

கார்னர்கொடி கேட்டது:

வங்கதேசக் கால்பந்துப் பட்டங்களுக்கு ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். டாக்கா முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் எத்தனை தடவை லீக் ஜெயித்திருக்கிறது என்று தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் வருகிறது. 1 என்கிறார்கள், 12 என்கிறார்கள், 19, 20 என்றும் இருக்கிறது. எதைத்தான் எடுத்துக்கொள்வது? இன்னொன்று: 2002இல் பட்டம் வாங்கிய அணி அடுத்த பட்டத்துக்கு 2025 வரை காத்திருக்கிறது. சின்ன கிளப் என்றால் புரியும். டாக்காவின் இன்னொரு பெரிய கிளப்பான அபஹானிக்குச் சரிசமமாக ரசிகர்கள் இருந்த கிளப் இது. 2019இல் டாக்கா கிளப்புகளில் நடந்த காசினோ ரெய்டுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே 17 வருஷம் வறட்சிதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொல்கத்தா முகமதனும் இதுவும் ஒன்றா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பழைய பேரேடு எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் வேறு வேறு கிளப். கொல்கத்தா முகமதன் 1891இல் தொடங்கியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. அந்த அலை ஓடிக்கொண்டிருந்தபோது, 1936இல், டாக்காவில் இதே பெயரில் இந்தக் கிளப் வந்தது. சட்டகாங்கில் இருக்கும் முகமதன் மூன்றாவது கிளப். பெயரும் கறுப்பு வெள்ளை ஜெர்சியும் பொது. கணக்கு பொதுவல்ல.

இப்போது எண்களுக்கு வருவோம். நீங்கள் பார்த்த நான்குமே ஒரு விதத்தில் சரி. எந்த லீக் என்பதைச் சொல்லாமல் எழுதுவதுதான் தப்பு.

பாகிஸ்தான் காலத்து டாக்கா லீக்கில் ஏழு: 1957, 1959, 1961, 1963, 1965, 1966, 1969. அதற்கு முன் ஊரை ஆண்டது வாண்டரர்ஸ் கிளப். 1950களின் முதல் பாதியில் முகமதன் இரண்டாம் வரிசை அணி என்றே சொல்லலாம். விடுதலைக்குப் பின் முதல் டிவிஷனில் எட்டு: 1975, 1976, 1978, 1980, 1982, 1986, 1987, 1988-89. 1993இல் மேல்மட்ட லீக்குக்கு பிரீமியர் டிவிஷன் என்று பெயர் மாறியது. அதில் நான்கு: 1993, 1996, 1999, 2002. ஆக 7, 8, 4 சேர்த்து 19. விடுதலைக்குப் பிந்தையதை மட்டும் எண்ணினால் 12. 2007இல் தொடங்கிய தேசிய புரொஃபஷனல் லீக்கில் 2024-25 ஒன்றுதான், அதுதான் அந்த '1'. எல்லாம் சேர்த்தால் 20.

அபஹானியோடு ஒப்பிடுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அபஹானி 1972இல் ஷேக் கமால் தொடங்கியது. அதற்குப் பாகிஸ்தான் காலக் கணக்கே கிடையாது. டாக்கா லீக்கில் 11, புரொஃபஷனல் லீக்கில் 6, மொத்தம் 17. ஒரு பக்கம் 20ஐயும் மறுபக்கம் வெறும் 6ஐயும் வைத்துச் சண்டை போடுவது ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. உங்கள் அட்டவணையில் அது வேண்டாம்.

80கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒன்றிரண்டு. 1982இல் சலாம் முர்ஷெதி ஒரே லீக் சீசனில் 27 கோல் அடித்தார். அதே வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி டெர்பியில், அதாவது முகமதன்-அபஹானி ஆட்டத்தில், கலவரம். ராணுவ ஆட்சிக் காலம். அபஹானியின் காஜி சலாவுதீன், சுன்னு, ஹெலால், அன்வர் நான்கு பேரையும் சிறைக்கே அனுப்பினார்கள். அபஹானி 1983, 84, 85 மூன்றையும் எடுத்தது. அடுத்த மூன்று லீக்கையும் முகமதன் எடுத்தது. அந்தக் கட்டத்தில் முகமதனுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஈரானின் பழைய கோல்கீப்பர் நாசர் ஹெஜாஸி. நைஜீரியாவின் எமெகா எஸுகோ இங்கே ஆடிவிட்டுத்தான் பிறகு 1994 உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தார். அந்தப் பக்கம் அபஹானியில் 1986 உலகக் கோப்பை ஆடிய ஈராக் வீரர்கள் சமீர் ஷாகிர், கரீம் அல்லாவி. நம் இலங்கை வாசகர்களுக்கு: பக்கீர் அலியும் பிரேமலாலும் அபஹானிக்கு ஆடியது இந்தப் பத்தாண்டில்தான். 1988இல் ஆசிய கிளப் போட்டியில் ஈரானின் பெர்செபொலிஸை முகமதன் 2-1 என்று வீழ்த்தியது. இன்றைக்கு எந்த வங்கதேச கிளப்பிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

ஸ்வீப்பர் எழுதியது:

பேரேடு சார் கணக்கை முடிச்சுட்டார், நான் வறட்சிக்கு வர்றேன். காசினோதான் காரணம்னு சொல்றது வாலைப் பிடிச்சுக்கிட்டு யானைன்னு சொல்ற மாதிரி. சரிவு 90கள்லயே ஆரம்பம்.

1994ல அபஹானி, முகமதன், பிரதர்ஸ் மூணு கிளப்பும் கூடிப் பேசி, ஒருத்தர் ஆளை ஒருத்தர் இழுக்கறதில்லைன்னு ஒப்பந்தம் போட்டாங்க. வீரர்கள் சம்பளம் ஏறாம இருக்கணும், அதான் நோக்கம். நடந்தது என்ன? ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ன முக்திஜோத்தா சங்சத் பெரிய வீரர்களை அள்ளிட்டுப் போச்சு. 1997-98, 2000 ரெண்டு லீக் பட்டம் அவங்களுக்கு. அப்புறம் 2003-04லயும் 2005லயும் பிரதர்ஸ். டாக்கால இரண்டு கிளப் ராஜ்யம் முடிஞ்சது அங்கேதான்.

2007ல புரொஃபஷனல் லீக் வந்துச்சு. முதல் மூணு சீசனும் முகமதன் ரன்னர்-அப், மூணுலயும் அபஹானி சாம்பியன். அப்போ அணி மோசம்னு சொல்ல முடியாது. 2008, 2009 ஃபெடரேஷன் கோப்பை முகமதன்தான். 2009ல முதல் பரிசு ஒரு கோடி டாக்கான்னு வெச்ச சூப்பர் கோப்பைல அபஹானியை 1-0ன்னு ஜெயிச்சதும் அவங்கதான். நாக்அவுட்ல வரும், லீக்ல வராது. ஏன்னா ஆறேழு மாசம் ஓடற லீக்குக்கு மாசா மாசம் சம்பளம் போகணும், காயம் ஆனவனுக்குப் பதில் ஆள் பெஞ்ச்ல இருக்கணும். கோப்பைக்கு ரெண்டு வாரம் பதினோரு பேர் வெறியா ஆடினாப் போதும்.

2010-11ல ஆட்டமே மாறிப் போச்சு. ஷேக் ஜமால் தன்மண்டி பணத்தைக் கொட்டி தேசிய அணி வீரர்களை மொத்தமா வாங்கி, வந்த முதல் சீசன்லயே சாம்பியன். 2012-13ல ஷேக் ரஸ்ஸல் கிளப் லீக், ரெண்டு கோப்பைன்னு மூணு பட்டமும் எடுத்துச்சு. அப்புறம் 2018-19லிருந்து பசுந்தரா கிங்ஸ். பெரிய தொழில் குழுமம் பின்னாடி இருக்கு, சொந்த ஸ்டேடியம் இருக்கு, கோஸ்டாரிகாவுக்கு உலகக் கோப்பை ஆடின கோலிண்ட்ரஸைக் கொண்டு வந்து இறக்கினாங்க. 2023-24 வரைக்கும் ஆடி முடிஞ்ச அஞ்சு லீக்கும் அவங்களுக்கே (2019-20 கொரோனால நின்னு போச்சு).

முகமதன்ல இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? பேருக்கு லிமிடெட் கம்பெனி, நடப்பு பழைய புரவலர் முறை. யாராவது ஒரு இயக்குநர் சீசன் ஆரம்பத்துல கையிலேருந்து பணம் போடுவார், ஒப்பந்தம் கையெழுத்தாகும், பாதி சீசன்ல பணம் நிக்கும். டிக்கெட் வசூல் பெரிசா கிடையாது, டிவி பணமும் கிடையாது. இதே ஓட்டையை அடைக்கத்தான் டாக்காவோட மோதிஜீல் பகுதி கிளப்புகள் சீட்டாட்டத்துக்கு ஹாலை வாடகைக்கு விட ஆரம்பிச்சது. அது காசினோ ஆச்சு. 2019 செப்டம்பர்ல ரெய்டு வந்தப்போ ஃபகிரேர்பூல் யங் மென்ஸ், வாண்டரர்ஸ், முக்திஜோத்தா, முகமதன்னு வரிசையா மாட்டினாங்க. அதனால காசினோ நோய் இல்லை, நோயோட அறிகுறி.

நடுவட்டம் எழுதியது:

ஸ்வீப்பர் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசினோ விவகாரத்தை அறிகுறி என்று தள்ளிவிட முடியாது. ரெய்டுக்குப் பிறகு கிளப்பின் பொறுப்பு இயக்குநரே கைதானார். கிளப்பை மறுபடி யார் நடத்துவது என்ற கேள்வி எழுந்ததும், அடுத்து புதிய நிர்வாகம் வந்ததும் அதனால்தான். திருப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். அணி ஒரே நாளில் மாறவில்லை. 2014 சுதந்திரக் கோப்பைக்குப் பிறகு ஒன்பது வருஷம் எந்தக் கோப்பையும் இல்லை.

உடைத்தது 2023 மே 30ஆம் தேதி குமில்லாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் அபஹானி. இடைவேளையில் 2-0 பின்தங்கி இருந்தார்கள். மாலி நாட்டு ஸ்ட்ரைக்கர் சுலேமான் தியாபாதே இரண்டு அடித்து 2-2. எமெகா ஒக்புக் அடித்து அபஹானி 3-2. தியாபாதே மறுபடியும், 3-3. கூடுதல் நேரத்தில் பெனால்டியில் தியாபாதேயின் நான்காவது கோல், முகமதன் முதல் முறையாக முன்னிலை. விடுவார்களா, ரஹ்மத் மியா அடித்து 4-4. இதற்குள் கோல்கீப்பர் சுஜனுக்குக் காயம், பதிலுக்கு வந்தவர் அஹ்சான் ஹபீப் பிபு. டைபிரேக்கரில் இரண்டு பெனால்டியைத் தடுத்தார், 4-2. இறுதி ஆட்டத்தில் ஒருவரே நான்கு கோல் அடித்தும் கடைசியில் ஜெயிக்க வைத்தது பெஞ்சில் இருந்த கீப்பர்.

பயிற்சியாளர் அல்ஃபாஸ் அகமது, அதே கிளப்பின் பழைய ஸ்ட்ரைக்கர். 2023-24இல் மூன்று போட்டியிலும் ரன்னர்-அப், மூன்றிலும் கிங்ஸ் சாம்பியன். இதைப் பலர் கவனிப்பதில்லை. தியாபாதே, உஸ்பெகிஸ்தானின் முசாஃபரோவ், நைஜீரியாவின் இம்மானுவேல் சண்டே என்று முதுகெலும்பைக் கலைக்காமல் அப்படியே அடுத்த சீசனுக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் பட்டம் கிடைத்தது.

எதிராளிகள் சரிந்ததையும் மறைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி போன பின், அவர் தம்பிகள் பெயரில் இருந்த ஷேக் ரஸ்ஸல், ஷேக் ஜமால் இரண்டும் லீக்கிலிருந்து விலகின. இன்னொரு தம்பி ஷேக் கமால் தொடங்கிய அபஹானியின் கிளப் கட்டடம் சூறையாடப்பட்டது, கோப்பைகள் வரை போயின. முதல் சுற்று முழுக்க வெளிநாட்டு வீரர் இல்லாமல் ஆடியது. கிங்ஸில் பயிற்சியாளர் ஆஸ்கார் புருசோன் போன பிறகு பழைய பிடி இல்லை. 10 அணி, ஆளுக்கு 18 ஆட்டம். 2025 மே 16 அன்று ஃபகிரேர்பூலிடம் அபஹானி தோற்றது. முகமதன் அன்று மைதானத்தில் இறங்காமலே, மூன்று ஆட்டம் மீதி இருக்கும்போதே சாம்பியன் ஆனது. காசினோ ரெய்டு முதலில் விழுந்த அதே ஃபகிரேர்பூல்!

கார்னர்கொடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்று இன்னும் இடிக்கிறது. சாம்பியன் என்றால் ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) நடத்தும் சேலஞ்ச் லீக் தகுதிச் சுற்றில் முகமதன் அல்லவா ஆடியிருக்க வேண்டும்? 2025 ஆகஸ்டில் ஆடியது அபஹானியும் கிங்ஸும்.

ஸ்வீப்பர் எழுதியது:

லைசென்ஸ் இல்லை, அவ்வளவுதான்.

பட்டம் ஜெயிச்சா தகுதி வரும், ஆனா அந்தத் தகுதியைப் பயன்படுத்த ஏஎஃப்சி கிளப் லைசென்ஸ் தனியா வேணும். அஞ்சு தலைப்புல பார்ப்பாங்க: விளையாட்டு, கட்டமைப்பு, பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதி. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஏ, பி, சின்னு தரம் உண்டு. ஏ ஒண்ணு தவறினாலும் லைசென்ஸ் கிடையாது. பி தவறினா அபராதம் மாதிரி ஏதாவது, லைசென்ஸ் போகாது. சி வெறும் பரிந்துரை.

இந்த மாதிரி கிளப்புகளுக்கு உதைக்கறது பெரும்பாலும் நிதித் தலைப்பு. வெளி ஆடிட்டர் கையெழுத்திட்ட ஆண்டுக் கணக்கு வேணும். வீரர், ஊழியர், மற்ற கிளப், வரித்துறை எதுக்கும் காலம் கடந்த பாக்கி இருக்கக் கூடாது. இயக்குநர் கையிலேருந்து ரொக்கமா கொடுத்த சம்பளத்துக்கு ரசீது எங்கே இருக்கும்? மைதானத்துல கோல் அடிக்கலாம், அலமாரில ஃபைல் இல்லைன்னா லைசென்ஸ் கமிட்டி முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாது. மறுத்தா மேல்முறையீடு உண்டு, ஆனா அதுவும் கெடு தேதிக்குள்ளே.

வெளிநாட்டு வீரர் பாக்கி இன்னும் ஆபத்து. ரெண்டு மாசச் சம்பளம் நின்னுச்சுன்னா, எழுத்துல 15 நாள் அவகாசம் கொடுத்துட்டு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் கொடுக்குது. வழக்குல ஜெயிச்ச பணத்தை 45 நாள்ல கொடுக்கலைன்னா புது வீரரைப் பதிவு பண்ணவே தடை, அதிகபட்சம் தொடர்ந்து மூணு பதிவுக் காலம் வரைக்கும்.

அந்த ஆகஸ்ட்ல நடந்ததையும் பாருங்க. டாக்கால அபஹானி கிர்கிஸ்தானின் முராஸ் யுனைடெட்கிட்ட 2-0 தோல்வி. தோஹால கிங்ஸ், சிரியாவின் அல் கராமாவை 1-0ன்னு ஜெயிச்சு உள்ளே போச்சு. கோல் அடிச்சது யார் தெரியுமா? இம்மானுவேல் சண்டே! பட்டம் வாங்கின கையோட முகமதனை விட்டு கிங்ஸுக்குப் போனவர்.

கார்னர்கொடி எழுதியது:

புரிந்தது. அட்டவணையில் 7, 8, 4, 1 என்று நான்கு பத்தியாகப் பிரித்துப் போடுகிறேன். 1987ஐ மட்டும் 'கூட்டு சாம்பியன்' என்று ஓர் இடத்தில் பார்த்தேன். அரைப் பட்டமா?

பழைய பேரேடு எழுதியது:

முழுப் பட்டம்தான். அந்த வருஷம் முகமதனும் அபஹானியும் புள்ளியில் சமமாகி, பட்டத்தைத் தீர்மானிக்க வைத்த ஆட்டத்திலும் முடிவு வரவில்லை. இரண்டு அணி வீரர்களும் கை கோத்துக்கொண்டு, நாங்கள் கூட்டு சாம்பியன் என்று மைதானத்திலேயே தாங்களாக அறிவித்துவிட்டார்கள். நீங்கள் பார்த்தது அந்தச் செய்தி. வங்கதேசக் கால்பந்துக் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. ஆர்மி ஸ்டேடியத்தில் பார்வையாளர் யாரையும் விடாமல் மறு ஆட்டம் வைத்தது. முகமதன் 2-0. ஆயிரக்கணக்கில் ஆள் அடைத்து நிற்கும் டெர்பி, அன்றைக்குக் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்து முடிந்தது. எட்டில் ஒன்றாக அதைப் போடுங்கள்.