கழிமுக நீரின் நொதி வேகமும் கரிமப் பொருளின் சிதைவும்

மாணவி, பினாங்கு:
வணக்கம். சுங்கை பினாங்கு கழிமுகத்திலும் தெலுக் பஹாங் கரையோரத்திலும் எடுத்த நீரில் லூசின் அமினோபெப்டிடேஸ் (புரதத்தை வெட்டுவது), பீட்டா குளுகோசிடேஸ் (கூட்டுச் சர்க்கரையை வெட்டுவது) ஆகிய நொதிகளின் செயல்பாட்டை, வெட்டுண்டதும் ஒளிரும் பொருளைச் சேர்த்து அளக்கும் ஒளிர்வு முறையில் அளந்து வருகிறேன். கழிமுகத்தில் இரண்டுமே மிகுதியாக உள்ளன. அங்கே கரிமப் பொருள் விரைவாகச் சிதைகிறது என்று இதை வைத்தே எழுதலாமா? பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்த பிறகும் செயல்பாடு கணிசமாக எஞ்சுவது ஏன்?

கடல் நுண்ணுயிரியல் ஆசிரியர்:
அப்படி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. ஏறத்தாழ 600 டால்டனுக்கு (மூலக்கூறு நிறையின் அலகு) உட்பட்ட சிறு மூலக்கூறுகளையே பாக்டீரியா உள்வாங்க முடியும் என்பதால், புரதத்தையும் கூட்டுச் சர்க்கரையையும் அது முதலில் செல்லுக்கு வெளியே நொதிகளால் வெட்டியாக வேண்டும். நீங்கள் அளப்பது அந்த முதல் வெட்டை மட்டுமே. அதிலும், நொதி வெட்டுவதற்கான செயற்கை வினைபொருளைத் தேவைக்கு மிஞ்சிச் சேர்த்து அளக்கும்போது கிடைப்பது நொதியின் உச்ச வேகமே தவிர, கடலில் அந்நேரம் நடக்கும் வேகம் அன்று. வெட்டுண்டவற்றில் எவ்வளவு கரியமில வாயுவாகிறது என்பதை அறிய, அதே நீரில் ஆக்சிஜன் குறையும் வேகத்தையும் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

வடித்த நீரைப் பொறுத்தவரை, நொதிகள் எல்லாமே செல்லோடு ஒட்டியிருப்பதில்லை. கசையுயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒரு செல் உயிரிகள்) பாக்டீரியாவை மேயும்போதும், வைரஸ் தாக்கிச் செல்கள் வெடிக்கும்போதும் அவை நீரில் கலந்து தொடர்ந்து வேலை செய்கின்றன. மொத்தச் செயல்பாட்டில் பாதிக்கு மேல் இவ்வாறு இருந்த நீர்களும் உண்டு. ஜார்ஜ்டவுன் நகரைக் கடந்து வரும் ஆறு என்பதால், கழிவுநீர் கொணர்ந்த நொதியும் இருக்கக்கூடும். ஆனால் அழுத்தம் கூடினால் வடிக்கும்போதே செல்கள் உடைந்து கசியும். மெதுவாக வடித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆய்வகப் பணியாளர், கோலாலம்பூர்:
ஐயா சொன்னதோடு இதையும் கவனியுங்கள். பீட்டா குளுகோசிடேஸுக்கு வழக்கமாகச் சேர்க்கும் வினைபொருளிலிருந்து விடுபடும் மெதில்அம்பெல்லிபெரோன் என்னும் ஒளிரும் பொருள், பிஎச் (அமில-கார அளவு) 10ஐ நெருங்கினால்தான் முழுமையாக ஒளிரும். ஆற்றுநீர் கலந்த கழிமுகத்தில் பிஎச் பொதுவாகத் திறந்த கடலைவிடத் தாழ்ந்திருக்கும். அலையாத்தி இலை ஊறித் தேயிலை நிறமேறிய நீரிலோ ஹியூமிக் பொருள்கள் (தாவரங்கள் மட்கி உண்டாகும் பழுப்புக் கரிமப் பொருள்கள்) ஒளிர்வையே விழுங்கிவிடும். ஆகவே, தரவளைவை (ஒளிர்வைப் பொருளின் அளவாக மாற்ற உதவும் வரைகோட்டை) அந்தந்த இடத்து நீரிலேயே வரைந்து, அளப்பதற்குச் சற்று முன் பிஎச்சை உயர்த்தி நிலைநிறுத்தும் காரத் தாங்கல் கரைசல் சேர்ப்பது நல்லது. நொதி செயலிழக்கும்படி கொதிக்க வைத்த, ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டு மாதிரியும் ஒவ்வோர் இடத்திற்கும் தனியே வேண்டும்.

மாணவி, பினாங்கு:
மிக்க நன்றி. தரவளைவுகளை இடவாரியாக மீண்டும் வரைகிறேன். ஆக்சிஜன் அளவீட்டிற்கு நீரை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், ஐயா?

கடல் நுண்ணுயிரியல் ஆசிரியர்:
இருட்டுக் குப்பியில், கடல்நீரின் வெப்பநிலையிலேயே, 24 மணி நேரம் வைப்பது வழக்கம். கழிமுக நீரில் ஆக்சிஜன் அதற்கு முன்பே தீர்ந்துவிடலாம் என்பதால் இடையிலும் அளந்துகொள்ளுங்கள்.