பொருத்தமா, இணக்கமா? நினைவகக் கையேட்டுக்கான சொற்கள்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மேசைக்கணினிக்கு நினைவகம் (ராம்) வாங்குவோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) சேர்ந்து இயங்கவல்ல நினைவகத்தைப் 'பொருந்தும் நினைவகம்' என்றே சொல்லிவிடலாம் என்பது உங்களில் பலருடைய கருத்து. முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லால் ஒருவருக்குப் பணம் வீணானதை அறிந்த பின்பு என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் தட்டச்சு நிலையம் நடத்தும் ஒருவர் அந்த வரைவைப் படித்துவிட்டு சென்னையின் கணினிப் பொருட்சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய், பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய, டிடிஆர்4 என்னும் தலைமுறையைச் சேர்ந்த நினைவகம் இரண்டை மலிவாக வாங்கிவந்தார். 288 முனைகள் இருந்தன. அடிவிளிம்பின் வெட்டும் உரிய இடத்தில் இருந்தது. செருகியதும் இருபுறத்துக் கொக்கிகளும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன. ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. சர்வர் நினைவகத்தில் பெரும்பாலும், செயலியிலிருந்து வரும் கட்டளைகளையும் முகவரிகளையும் முதலில் வாங்கி, பிறகு நினைவகச் சில்லுகளுக்கு அனுப்பும் ஓர் இடைச்சில்லு உண்டு. சாதாரண மேசைக்கணினி அதை ஏற்பதில்லை. 'பொருந்தும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், பொருந்தியதே' என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் முடிவு. தாய்ப்பலகையின் செருகுவாயில் உட்காருவது பொருத்தம். உட்கார்ந்த பின் ஒன்றோடொன்று ஒத்து இயங்குவது இணக்கம். டிடிஆர்3-க்கு 240 முனைகள் என்பதால் அது டிடிஆர்4 செருகுவாயில் பொருந்தாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் முனைகள் 288 என்றாலும், வெட்டின் இடம் மாறியிருப்பதால் அவையும் ஒன்றின் செருகுவாயில் மற்றொன்று பொருந்தா. இங்கெல்லாம் விடை ஆம் அல்லது இல்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. இணக்கத்திலோ ஏற்றத்தாழ்வு உண்டு: 3200 வேக நினைவகத்தோடு 2666 வேக நினைவகத்தைச் சேர்த்தால், பெரும்பாலும் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி வந்து ஓடும். இதனைப் பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது; முழுமையாக இணங்கியது என்றும் சொல்ல முடியாது.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைப் போல வாங்கும் முன்பே பட்டியலிட்டுச் சரிபார்ப்பதால் 'பொருத்தம்' என்பதே தகும் என்று ஓர் அன்பர் அழகாக எழுதியிருந்தார். அவருடைய உவமையே என் கட்சிக்கு வலுச்சேர்க்கிறது. பத்தும் பொருந்திய வீடுகளில் இணக்கம் இல்லாமற்போவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

அடுத்தது, சில்லுகள் பதித்த அந்தச் சிறு பலகைக்கு என்ன பெயர் என்பது. கடையில் 'ராம்' என்றோ 'ஸ்டிக்' என்றோ கேட்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். எழுத்துக்கு வந்த பரிந்துரைகளைச் சலித்தெடுக்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: வேறு துறையில் ஒரு சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் கேடில்லை, கணினித் துறைக்குள்ளேயே இருந்தால் கேடு. 'நினைவகம்' என்னும் சொல்லையே பாருங்கள். தலைவர்களுக்கு எழுப்பிய நினைவகங்கள் நிறைந்த இந்த நகரத்தில், கணினிக்குள் இருப்பதை யாரும் அவற்றோடு குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் 'பட்டை' என்றால் கருவிப்பட்டையும், 'தகடு' என்றால் குறுந்தகடும், 'அட்டை' என்றால் வரைகலை அட்டையும், 'தொகுதி' என்றால் சில்லுத் தொகுதியும் குறுக்கே வந்து நிற்கின்றன. எஞ்சுவது 'கட்டகம்'. 'நினைவகக் கட்டகம்' என்று ககரங்கள் அடுக்கி வருவது செவிக்கு இனிமையாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதன்முறை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு 'கட்டகம்' என்று மட்டும் எழுதினால் போதும்.

அடிவிளிம்பின் வெட்டுக்குத் தச்சர்கள் வழங்கும் 'காடி' என்பதையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். செருகுவாயில் உள்ள முளை காடிக்குள் அமர்ந்தால்தான் கட்டகம் இறங்கும் என்று எழுதினால், கணினியைத் திறந்தே பார்த்திராதவருக்கும் விளங்கும். 'பிளவு' என்ற பரிந்துரை உடைந்துபோன பொருளை நினைவூட்டுகிறது.

ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்டு' எனப்படும், இடைச்சில்லு உள்ள கட்டகத்தைப் 'பதிவு பெற்ற நினைவகம்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். அதைப் படிப்பவர், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து முத்திரை வாங்கிய நல்ல சரக்கு என்று எண்ணித் தேடிப்போய் வாங்கிவிடுவார்! சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், 'இடையகமுள்ள கட்டகம்' என்று அது செய்யும் வேலையைக் கொண்டு பெயரிடுவதே நன்று.

தாய்ப்பலகை நிறுவனங்கள் வெளியிடும் பட்டியலுக்கு 'இணக்கப் பட்டியல்' என்ற பெயரை முன்பு நானே முன்மொழிந்தேன். இப்போது திரும்பப் பெறுகிறேன். அவர்கள் சோதித்துப் பார்த்தவை மட்டுமே அதில் இருக்கும்; அதில் இல்லாத எத்தனையோ கட்டகங்களும் நன்றாகவே ஓடும். ஆகவே அதனைச் 'சோதித்த கட்டகப் பட்டியல்' என்பதே நேர்மை.

கையேட்டின் வாக்கியத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: 'காடியின் இடம் ஒத்திருந்தால் கட்டகம் செருகுவாயில் பொருந்தும், அது இடையகம் இல்லாததாகவும், அதன் கொள்ளளவு உங்கள் தாய்ப்பலகையும் செயலியும் ஏற்கும் அளவுக்குள்ளும் இருந்தால்தான் இணங்கும் என எதிர்பார்க்கலாம், வாங்குமுன் இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.' இதில் 'காடி' என்பதற்கு மட்டும் மாற்றுக்கருத்து வரும் என்று எதிர்பார்க்கிறேன். மரவேலை அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.