டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வெள்ளணு) உங்களை ஏமாற்றிய அனுபவம் உண்டா?

மூன்றாம்குழாய்:
ஏழு வருடம் ஆகியும் அந்தக் குழாய் கண்ணிலேயே நிற்கிறது. ஈ.கோலையில் உண்டாக்கிய புரதம். டி செல்லுக்குப் பெப்டைடைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்லுக்கு ஓவால்புமின் பெப்டைடோடு (முட்டை வெள்ளைப் புரதத்தின் துண்டு) அதையும் சேர்த்துக் கொடுத்தால் டி செல்கள் விழித்ததற்கு அடையாளமான இன்டர்பெரான் காமாவைக் கொட்டின. பெப்டைடு மட்டும் என்றால் சொற்பம். டென்ட்ரைட்டிக் செல் தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி-86, ஐ.எல்-12 எல்லாம் ஏறியிருந்தன. புதிய துணையூக்கி (எதிர்ப்பு வினையைக் கூட்டும் பொருள்) கிடைத்துவிட்டது என்று ஆய்வகக் கூட்டத்தில் பேசியும் விட்டேன். பிறகு ஒரு மாலை, ஒப்பீட்டுக்கு இருக்கட்டும் என்று புரதத்தைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். குழாயின் அடியில் திரிந்த பால் போல வெள்ளையாக நின்றது. செத்த புரதம்தானே என்று செல்களுக்குக் கொடுத்தேன். இன்டர்பெரானை நிறத்தால் அளக்கும் எலைசா தட்டைப் படித்த அன்று அந்தக் குழிகளிலும் அதே அடர் மஞ்சள். வேலை செய்தது புரதம் அல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த எல்.பி.எஸ். (ஈ.கோலையின் வெளிச்சுவர் நச்சு, எண்டோடாக்சின் என்பதும் இதுவே).

பழையபிப்பெட்:
கொதிக்க வைத்ததை மட்டும் வைத்து எல்.பி.எஸ். என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்களே? பாக்டீரியாவின் லிப்போபுரதமும் சூட்டுக்கு அசராது. அதைப் பிடிப்பது டி.எல்.ஆர்-2 என்ற ஏற்பி, எல்.பி.எஸ்.ஸைப் பிடிப்பது டி.எல்.ஆர்-4. எனக்கு நடந்தது அதுதான்: எல்.பி.எஸ்.ஸை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தேன், பாதிதான் அடங்கியது, மீதிப் பாதியை என் புரதத்தின் பெருமை என்று ஒரு வருடம் நம்பினேன்.

கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஆட்டோகிளேவை நம்பாதீர்கள், 121 டிகிரி கிருமியைக் கொல்லும், எல்.பி.எஸ்.ஸை விட்டுவிடும். கண்ணாடிப் பாத்திரம் என்றால் 250 டிகிரியில் அரை மணி நேரம் உலர்சூடு வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பையும் தனித்தனியாக எண்டோடாக்சின் சோதனைக்கு அனுப்புங்கள். போன மாதம் சுத்தமாக இருந்தது என்பது இந்த மாதத்துக்குச் சாட்சி ஆகாது. வெற்று வெக்டர் (புரதத்தின் மரபணு செருகாத டி.என்.ஏ. வளையம்) கொண்ட ஈ.கோலையிலிருந்து அதே முறையில் எடுத்த கரைசலையும் பக்கத்தில் ஓட்டுங்கள். முக்கியமாக, சோதிக்கும் புரதமே ஆன்டிஜென் (டி செல் அடையாளம் காண வேண்டிய பொருள்) என்றால் கொதிக்க வைப்பது வீண். டி செல் பார்ப்பது துண்டாக்கப்பட்ட பெப்டைடை. புரதம் மடிந்திருக்கிறதா குலைந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம்குழாய்:
டி.எல்.ஆர்-4 இல்லாத எலியின் டென்ட்ரைட்டிக் செல்லிலும் பார்த்தேன். முழு அமைதி. முதலிலேயே எழுதாதது என் தவறு. டி செல் அதே, அதன் ஏற்பி அதே, பெப்டைடு அதே. எதிரில் நின்ற செல்லில் ஓர் ஏற்பி இல்லை, அவ்வளவுதான்.

இரவுப்பணி:
என்னுடையது ஆய்வகக் கதை அல்ல, வார்டு. அறுவை சிகிச்சைக் காயம் பார்க்கச் சுத்தமாக இருந்தது, சீழ் இல்லை. ஆனால் கடும் காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிகிறது, உடம்பெல்லாம் வெயிலில் வெந்தது போன்ற சிவப்பு. இரத்த வளர்ப்பில் எதுவும் முளைக்கவில்லை. காயத்தில் இருந்தது நச்சு சுரக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ். அதன் நச்சான டி.எஸ்.எஸ்.டி-1, பெப்டைடைப் பொருட்படுத்தாமல் எம்.எச்.சி-2ஐயும் (டி செல்லுக்குப் பெப்டைடை ஏந்திக் காட்டும் மூலக்கூறு) டி செல் ஏற்பியின் வி-பீட்டா-2 பகுதியையும் வெளிப்பக்கமாகக் கோத்துவிடும். சாதாரண ஆன்டிஜெனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு டி செல் விழிப்பதே அதிகம். இப்படிக் கோக்கும் சூப்பர் ஆன்டிஜெனுக்கு ஐந்தில் ஒன்றுகூட விழித்துவிடும். பத்தாம் நாள் அவர் கையை நீட்டினார், உள்ளங்கைத் தோல் கையுறை போலக் கழன்று தொங்கியது. பிழைத்துவிட்டார். முதல் இரவு நான் என் கையால் எழுதிய குறிப்புதான் இன்னும் உறுத்துகிறது: 'காயம் நன்றாக உள்ளது.'

ஈரக்கையுறை:
எம்.ஆர்-1 (பெப்டைடுக்குப் பதில் சிறு மூலக்கூறுகளை டி செல்லுக்குக் காட்டுவது) பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அதைப் பார்க்கும் டி செல் வகையான மெயிட் செல்களை எழுப்ப 5-ஓ.பி.ஆர்.யு. கொடுத்தேன் (பாக்டீரியா ரைபோஃபிளேவின் தயாரிக்கும்போது உருவாகும் சரக்கு, நம் செல்கள் அதைச் செய்வதில்லை). அசைவே இல்லை. பக்கத்துக் குழியில் ஈ.கோலை கொடுத்தவை மட்டும் துள்ளின. இரத்தம் கொடுத்தவருக்கு மெயிட் செல் குறைவு என்று பழியை அவர்மேல் போட்டேன், மூன்று பேரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், காலையில் தண்ணீரில் கரைத்துவிட்டு மாலையில்தான் செல்களுக்குக் கொடுத்திருக்கிறேன். தண்ணீரில் அது சில மணி நேரம்கூடத் தாங்காது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் வைத்து, கொடுக்கும் நேரத்தில் மட்டும் எடுத்துக் கொடுத்ததும் அசைவு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை.

பழையபிப்பெட்:
வளர்ப்பு ஊடகப் பாட்டிலை வெளிச்சத்தில் வைக்கிறீர்களா? அதிலுள்ள ஃபோலிக் அமிலம் ஒளியில் சிதைந்து 6-ஃபார்மைல்டெரின் ஆகும். அது எம்.ஆர்-1இல் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மெயிட் செல்லை எழுப்பாது.

ஈரக்கையுறை:
ஜன்னலோரம்தான் இருக்கிறது. இரண்டு வருடமாக.