சவப்பெட்டியும் ஒரு கம்பி வேலியும்: ‘ஜயண்ட்’ படத்தோடு என் அனுபவம்

‘ஜயண்ட்’ என்ற ஹாலிவுட் படத்தை முதல் தடவை நான் நடிகர் ஜேம்ஸ் டீனுக்காகத்தான் பார்த்தேன். 1955 செப்டம்பர் 30-ஆம் தேதி கார் விபத்தில் போய்விட்ட மனிதர். வயது 24. அவர் நடித்த கடைசிப் படம் இது, 1956-ல்தான் வெளிவந்தது. டீன் நடித்த பண்ணை வேலைக்காரன் ஜெட் ரிங்க், செத்துப்போன முதலாளியின் அக்கா எழுதிவைத்த துண்டு நிலத்தைக் காலடி வைத்து அளக்கிற காட்சி, சேற்றில் முதலாளியின் மனைவி லெஸ்லி பதித்த காலடியில் எண்ணெய் கசிந்து வருகிற காட்சி, கிணறு பீறிட்டுக் கறுப்பு எண்ணெயில் குளித்தபடி முதலாளி வீட்டு வாசலில் வந்து நிற்கிற காட்சி. இவ்வளவுதான் மனதில் நின்றது. பண்ணையை எண்ணெய் விழுங்குகிற கதை என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெக்சாஸின் சான் அந்தோனியோவில் எங்களோடு சில மாதம் இருக்க அப்பா வந்திருந்தபோது இரண்டாவது தடவை பார்த்தேன். படம் 3 மணி 21 நிமிடம். இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தோம். டெக்சாஸில் பெனடிக்ட் குடும்பத்துக்கு இருக்கிற பண்ணை ரியாட்டா கிட்டத்தட்ட ஆறு லட்சம் ஏக்கர் என்றதும் அப்பா, “நம்ம தாலுகாவே அவ்வளவு இருக்காதேடா” என்றார். மாடுதான் பெருமை என்றிருந்த முதலாளி பிக் பெனடிக்ட், இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் யுத்தத்துக்கு எண்ணெய் வேண்டும் என்ற பேச்சுக்கு இணங்கித் தன் நிலத்தைத் தோண்ட விடுகிறார். அடுத்த காட்சிகளில் வீட்டுக்கு நீச்சல் குளம் வந்துவிடுகிறது. குளத்தங்கரையில் உட்கார்ந்து எண்ணெய்க்கான 27.5 சதவீத வரிச்சலுகையைப் பேசுகிறார்கள்.

அதே யுத்தத்துக்குப் பண்ணையிலிருந்து ஆங்கெல் ஒப்ரிகோனும் போகிறான். மெக்சிகன் வேலையாட்கள் குடியிருப்புப் பையன். சால் மினியோ நடித்திருக்கிறார், பேசுகிற வசனம் மிகக் குறைவு. அவன் திரும்பி வருவது சவப்பெட்டியில். ரயில் வந்து நிற்கிறது, கிளம்பிப் போகிறது. போன பிறகு பார்த்தால் அந்தச் சின்ன ஸ்டேஷனில் பெட்டி மட்டும் இருக்கிறது.

அப்பா ரிமோட்டைக் கேட்டு வாங்கி நிறுத்தினார். முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். “பார்சல் மாதிரி இறக்கி வெச்சிட்டுப் போயிட்டான் பாரு” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “இவன்தானே நேத்து காய்ச்சலில் கிடந்த குழந்தை?” என்று கேட்டார்.

எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் லெஸ்லி அந்தக் குடிசைக்குள் போகிறாள். காய்ச்சலில் துவண்டு கிடக்கிற குழந்தையைப் பார்த்துவிட்டு, பெரிய வீட்டுக்கு வந்திருந்த டாக்டரை அங்கே கூட்டிப்போகப் பார்க்கிறாள். அவர்களையெல்லாம் இந்த டாக்டர் பார்ப்பதில்லை என்கிறார்கள். அவள் விடவில்லை, குழந்தை பிழைக்கிறது. அன்று பிழைத்தவன்தான் இப்போது பெட்டியில் வந்திருக்கிறான். மூன்று தலைமுறைக் கதையைக் கட்டி நிறுத்துகிற நூல் எண்ணெய் இல்லை, இந்தப் பையன்தான். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அமெரிக்க ராணுவப் படப்பிடிப்புக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய், 1945-ல் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமைக் கேமராவில் பதிவு செய்தவர். அந்தப் பெட்டியை அவர் அவ்வளவு அமைதியாகக் காட்டியதற்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

டெக்சாஸில் இது வெறும் கதையும் இல்லை. பிலிப்பைன்ஸில் 1945-ல் உயிர்விட்ட ஃபீலிக்ஸ் லொங்கோரியா என்ற சிப்பாயின் உடல் 1949-ல் திரும்பியபோது, மெக்சிகன் வம்சாவளி என்பதால் அவரது சொந்த ஊரில் அஞ்சலி மண்டபம் தர மறுத்தார்கள். அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு ராணுவத்தினருக்கான ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

சரி, படம் எடுத்த ஊரைப் பார்த்துவிடலாம் என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு மார்ஃபாவுக்குக் கிளம்பினேன். எங்கள் வீட்டிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும். நடிகர்கள் தங்கிய பைசானோ ஓட்டல் இப்போதும் இருக்கிறது. ரியாட்டா மாளிகை வெறும் முகப்புதான். ஹாலிவுட்டில் செய்து ரயிலில் கொண்டுவந்து பொட்டல் வெளியில் நிறுத்தினார்கள். இன்று அதில் சில மரக் கம்பங்கள்தான் மிச்சம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பிளாக்வெல் பள்ளிக்கூடம். மெக்சிகன் பிள்ளைகளுக்கு என்று தனியாக 1909-ல் கட்டியது, 1965-ல்தான் மூடினார்கள். 1954-ல் அங்கே ஒரு ‘சவ அடக்கம்’ நடந்தது. ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று பிள்ளைகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதவைத்து, அதைப் பெட்டியில் போட்டுக் கொடிமரத்தடியில் புதைத்தார்கள். அடுத்த வருஷக் கோடையில் படக்குழு அதே ஊருக்கு வந்து இறங்கியது. ஊர் மெக்சிகன் குடும்பங்கள் துணை நடிகர்களாக நடித்தார்கள். கிழட்டு பிக், சாலையோர ஓட்டலில் ஒரு மெக்சிகன் குடும்பத்துக்காக ஓட்டல் முதலாளியோடு அடிதடியில் இறங்குவார், நினைவிருக்கிறதா? ஜெயிக்க மாட்டார். கீழே கிடக்கிறவர் மேல், யாருக்கும் சேவை மறுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்ற பலகையைத் தூக்கிப் போடுவான் ஓட்டல்காரன். அந்தப் படத்தில் நடித்த பிள்ளைகள் திரும்பிப் போனது பிளாக்வெல்லுக்குத்தான்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் நடுவே வேலி. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறு பக்கம் மெக்சிகன்கள். அந்தப் பக்கத்தில் காகிதப் பூக்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “செத்த பிறகுமாடா?” என்றவர், அந்தப் பக்கம் போகவேண்டும் என்றார். சுற்றிக்கொண்டு போனோம். ஒரு ராணுவக் கல்லறைக் கல்லில் பெயருக்கு மேல் புழுதி அப்பியிருந்தது. அப்பா குனிந்து, தோளில் கிடந்த துண்டால் எழுத்துகள் தெரியும் வரை துடைத்தார். வருஷங்களை வாய்விட்டுப் படித்து, மனக்கணக்குப் போட்டார். “இருபத்தொண்ணு” என்றார்.