குறுக்கேற்றத்தின்போது மரபணு தன் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பிரிந்துவிடாதா?

கேள்வி: இளங்கலை மாணவி

வணக்கம். பாடநூல்களில் மறுகூட்டிணைவு ஓர் அத்தியாயத்திலும் மரபணுக் கட்டுப்பாடு வேறோர் அத்தியாயத்திலும் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எழுந்த ஐயம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன்.

இனச்செல்கள் (விந்தணு, முட்டை) உருவாகும் குன்றல் பகுப்பின்போது தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த குரோமோசோமும் அருகருகே இணைந்து, சில இடங்களில் அறுபட்டு, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன; மறுகூட்டிணைவின் இந்த வடிவமே குறுக்கேற்றம். மறுபுறம், ஒரு மரபணு எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் என்ஹான்சர் என்னும் பகுதி, அந்த மரபணுவிலிருந்து பல்லாயிரம் கார இணைகளுக்கு, அதாவது டி.என்.ஏ எழுத்துகளுக்கு, அப்பால்கூட இருக்கலாம் என்கிறார்கள். அறுபடும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறையிலும் இதற்கு வாய்ப்பு இருக்கும்போது மரபணுக்கள் தங்கள் கட்டுப்பாட்டை இழந்துவிடாமல் இருப்பது எப்படி?

பதில் 1: மரபியல் ஆசிரியர்

உங்கள் ஐயத்துக்குள் ஓர் ஊகம் மறைந்திருக்கிறது: அறுபட்ட இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி போய்விடுகிறது, அதன் இடம் வெறுமையாகிவிடுகிறது என்று எண்ணுகிறீர்கள். குறுக்கேற்றத்தில் அப்படி எதுவும் போய்விடுவதில்லை. ஒத்த குரோமோசோம்கள் இரண்டிலும் ஒரே வரிசையில் ஒரே மரபணுக்களும் அவற்றுக்குரிய ஒரே கட்டுப்பாட்டுப் பகுதிகளும் இருக்கின்றன. மாற்றம் நடப்பதும் இரண்டிலும் நேருக்கு நேரான ஒரே புள்ளியில்தான். எனவே தாய்வழி என்ஹான்சருக்குப் பக்கத்தில் தந்தைவழி மரபணு வந்து அமருமே தவிர, என்ஹான்சர் இல்லாத மரபணு என்று ஒன்று உருவாவதில்லை. அந்த இரண்டு வடிவங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்துவிட்டால், நடுவே குறுக்கேற்றம் நடந்ததா இல்லையா என்பதே செல்லுக்குத் தெரியாது.

இரண்டு வடிவங்களும் வேறுபட்டிருக்கும்போதுதான் விளைவு வெளிப்படும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியின் மரபணு. பெரும்பாலான பாலூட்டிகளில் தாய்ப்பால் பருவம் முடிந்ததும் இந்த மரபணுவின் செயல் தணிந்துவிடுகிறது. மனிதர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வளர்ந்த பின்னும் அது தொடர்கிறது. இதற்குக் காரணமான மாற்றத்தை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது அது லாக்டேஸ் மரபணுவுக்குள் இருக்கவில்லை. ஏறத்தாழ 14,000 கார இணைகளுக்கு முன்னால், பக்கத்திலுள்ள வேறொரு மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு இல்லாத இன்ட்ரான் பகுதிக்குள், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த இடம் லாக்டேஸுக்குரிய என்ஹான்சராகச் செயல்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த என்ஹான்சர் தான் இருக்கும் அதே குரோமோசோமில் உள்ள லாக்டேஸ் மரபணுவை மட்டுமே தூண்டுகிறது, இணைக் குரோமோசோமில் உள்ளதைத் தூண்டுவதில்லை என்பது. மாற்றத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களின் சிறுகுடல் செல்களை ஆராய்ந்தால், ஆர்.என்.ஏ பெரும்பாலும் அந்த ஒரு குரோமோசோமிலிருந்தே படியெடுக்கப்படுவது தெரியும். ஆகவே கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை எந்த மரபணு எந்த என்ஹான்சரோடு ஒரே இழையில் இருக்கிறது என்பதே முக்கியம். அந்தக் கூட்டணியை மாற்றக்கூடியது குறுக்கேற்றம்.

எவ்வளவு அடிக்கடி மாற்றும்? 1913-இல் ஸ்டர்டிவன்ட் பழ ஈயின் மரபணு வரைபடத்தை வரைந்த காலத்திலிருந்து இதற்கு ஒரு கணக்கு உண்டு. நூறு இனச்செல்களில் ஒன்றில் இரண்டு மரபணுக்கள் பிரிந்தால் அவற்றுக்கிடையிலான தொலைவு ஒரு சென்டிமார்கன். மனிதரில் ஒரு சென்டிமார்கன் சராசரியாகப் பத்து லட்சம் கார இணைகளுக்கு ஏறத்தாழச் சமம். 14,000 கார இணைத் தொலைவு என்றால் சுமார் 7,000 இனச்செல்களில் ஒன்றில்தான் பிரிவு நேரும். நடைமுறையில் இரண்டும் ஒரே பொட்டலமாகவே பல தலைமுறைகளுக்கு இறங்கிவருகின்றன.

பதில் 2: செல்நோக்கி

ஆசிரியர் சொன்ன அடிப்படை சரி. ஆனால் சராசரிக் கணக்கை அப்படியே ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பொருத்துவது தவறான எண்ணத்தைத் தரக்கூடும். குறுக்கேற்றங்கள் குரோமோசோம் நெடுகிலும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிரு ஆயிரம் கார இணை அளவுள்ள குறுகிய இடங்களில் அவை குவிகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதிகளில் மிக அரிதாகவே நடக்கின்றன.

மனிதரிலும் எலியிலும் அந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது பி.ஆர்.டி.எம்.9 என்னும் புரதம் என்பது 2010-இல் தெளிவானது. அது டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட ஒரு தொடரைக் கண்டு ஒட்டிக்கொண்டு, அங்கே டி.என்.ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் வேதிக் குறியிடுகிறது. பிறகு ஸ்போ11 என்னும் நொதி அங்கே இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை இணைக் குரோமோசோமுக்குள் நுழைந்து, தனக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் தொடரைத் தேடிப் பிணைந்த பின்னரே பழுது சரிசெய்யப்படுகிறது. மாற்றம் நேருக்கு நேரான புள்ளியில் நடப்பதற்குக் காரணம் இந்தத் தேடல்தான். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் விழுந்தாலும் பெரும்பாலானவை துண்டு மாற்றம் இல்லாமலே சரிசெய்யப்பட்டுவிடுகின்றன. விந்தணுவை உண்டாக்கும் செல்லில் ஏறத்தாழ ஐம்பது குறுக்கேற்றங்களும், முட்டையை உண்டாக்கும் செல்லில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவும் எஞ்சுகின்றன.

கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. பி.ஆர்.டி.எம்.9 நீக்கப்பட்ட எலிகளில் வெட்டுகள் நின்றுவிடவில்லை. மரபணுக்களின் படியெடுப்புத் தொடங்கும் புரோமோட்டர் பகுதிகளுக்கு இடம் மாறின. அதாவது, கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வெட்டுகளைத் திசைதிருப்புவது அந்தப் புரதத்தின் பணிகளில் ஒன்று எனலாம். அந்த எலிகள் மலடாயின. ஆனால் இதிலிருந்து பெரிய விதி எதையும் வகுத்துவிட வேண்டாம்: நாய் இனத்தில் இந்த மரபணு எப்போதோ செயலிழந்துவிட்டது, அவற்றில் குறுக்கேற்றம் புரோமோட்டர்களை ஒட்டியே மிகுதியாக நடக்கிறது, நாய்கள் நன்றாகவே பெருகுகின்றன.

மீண்டும் கேள்வி: இளங்கலை மாணவி

இருவருக்கும் நன்றி. நேருக்கு நேர் மாறுவதால் எதுவும் இழக்கப்படுவதில்லை என்பது புரிகிறது. அப்படியானால் வெட்டுப்பட்ட முனை தவறான இடத்தில் பொருந்திவிட்டால்? ஏறத்தாழ ஒரே மாதிரியான தொடர்கள் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தேடல் ஏமாறக்கூடும் அல்லவா?

பதில் 3: மரபியல் ஆசிரியர்

ஏமாறும். மனிதரில் அது எங்கே அடிக்கடி நடக்கிறது என்பதும் நன்றாகத் தெரிந்ததுதான்: சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய உதவும் ஆப்சின் (ஒளியை உணரும் புரதம்) மரபணுக்கள்.

இவை எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியருகே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. முதலில் நீண்ட அலைநீள ஒளிக்குரிய மரபணு, அதாவது வழக்கில் சிவப்பு எனப்படுவது. அதையடுத்து நடு அலைநீளத்துக்குரிய பச்சை மரபணு ஒன்றோ, இரண்டோ, அதற்கு மேலோ. 1986-இல் ஜெரமி நேதன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இவற்றைப் பிரித்தெடுத்தபோது, இரண்டு வகையும் 96 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருப்பதைக் கண்டார்கள். ஒரே மரபணு இரட்டித்துப் பிறந்த பிள்ளைகள் இவை என்பதே காரணம். பெண்ணிடம் முட்டையை உண்டாக்கும் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இணையும்போது, ஒன்றின் சிவப்பு மரபணுப் பகுதி மற்றதன் பச்சை மரபணுப் பகுதியோடு சரிந்து பொருந்திவிட இவ்வளவு ஒற்றுமை போதும்.

அந்த நிலையில் குறுக்கேற்றம் நடந்தால் விளையும் இரண்டு குரோமோசோம்களும் சமமாக இருக்காது. ஒன்றில் ஒரு மரபணு குறையும். மற்றதில் ஒன்று கூடும். வெட்டு மரபணுவுக்குள்ளேயே விழுந்தால் முன்பாதி சிவப்பும் பின்பாதி பச்சையுமான, அல்லது அதற்கு எதிர்மாறான, கலப்பு மரபணு உருவாகும். மரபணு குறைந்த குரோமோசோமைப் பெறும் மகனிடம் ஈடுசெய்ய வேறொரு எக்ஸ் இல்லை. சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கும், அது புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதற்கும் பின்னணி இதுதான்.

இப்போது கட்டுப்பாட்டுக்கு வருவோம். இந்த வரிசை முழுமைக்கும் ஒரே ஒரு முதன்மைக் கட்டுப்பாட்டுப் பகுதிதான் உண்டு. அது வரிசையின் தலைப்பில், சிவப்பு மரபணுவுக்குச் சுமார் 3,500 கார இணைகளுக்கு முன்னால் இருக்கிறது. விழித்திரையின் கூம்புச் செல் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ வளைந்து, அந்தப் பகுதி ஏதேனும் ஒரு மரபணுவின் புரோமோட்டரைத் தொடுகிறது. தொட்ட மரபணு மட்டுமே அந்தச் செல்லில் இயங்குகிறது. வரிசையில் முதல் இரண்டு மரபணுக்களுக்கே இந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்கிறது. மூன்றாவது இடத்திலோ அதற்கு அப்பாலோ இருப்பவை, எழுத்துப் பிழை ஏதும் இல்லாதவையாக இருந்தாலும், ஏறத்தாழ ஊமையாகவே கிடக்கின்றன.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆணிடம் சிவப்பு, பச்சை, கலப்பு என்ற வரிசையில் மூன்று மரபணுக்கள் இருந்தால் அவருக்குப் பார்வையில் குறை தெரியாது. கலப்பு மரபணு மூன்றாம் இடத்தில் இருப்பதால் அது வெளிப்படுவதில்லை. அதே மூன்று மரபணுக்கள் சிவப்பு, கலப்பு, பச்சை என்று அமைந்தால், உடலில் நல்ல பச்சை மரபணு இருந்தும் நிறக்குறைபாடு ஏற்படுகிறது. எந்த மரபணுக்கள் உள்ளன என்று மட்டும் பட்டியலிடும் சோதனை இவ்விருவரையும் வேறுபடுத்தாது. நீங்கள் முதலில் கேட்டீர்களே, மறுகூட்டிணைவு மரபணுவை அதன் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்குமா என்று. நேரான குறுக்கேற்றத்தில் பிரிக்காத ஒன்றை, சரிந்த குறுக்கேற்றம் இப்படி வரிசையில் பின்னுக்குத் தள்ளிப் பிரித்துவிடுகிறது.

தலைப்பில் உள்ள அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியே அழிந்துபோன குடும்பங்களும் உண்டு. அவற்றில் சிவப்பு, பச்சை இரண்டு வகைக் கூம்புகளும் செயலிழந்து, நீல ஒளிக்குரிய கூம்புகள் மட்டுமே வேலை செய்கின்றன. மரபணுக்கள் கெடாமல் இருந்தும் பார்வை கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை இது.

பதில் 4: நோய்க்குறியியல் வாசகர்

ஆப்சின் எடுத்துக்காட்டு இனச்செல்லில் நடப்பது; எனவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. உடற்செல்லில் நடந்து அந்த ஒருவரோடு முடிந்துபோகும் வகையையும் இத்துடன் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பர்கிட் லிம்போமா என்னும் புற்றுநோயில் பெரும்பாலும் 8-ஆம் குரோமோசோமின் நுனிப்பகுதியும் 14-ஆம் குரோமோசோமின் நுனிப்பகுதியும் இடம் மாறிக்கொள்கின்றன. இவை ஒத்த குரோமோசோம்களே அல்ல. பி லிம்போசைட்டு என்னும் வெள்ளணு, நோயெதிர்ப்புப் புரதமான எதிர்ப்பொருளின் மரபணுவைத் திருத்தியமைப்பதற்காகத் தானே செய்துகொள்ளும் வெட்டு தவறிப்போவதால் இது நேர்கிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்னும் மரபணு, எதிர்ப்பொருள் மரபணுவின் என்ஹான்சருக்கு அருகில் வந்து விழுகிறது. அந்த என்ஹான்சர் பி லிம்போசைட்டுகளில் ஓயாமல் இயங்கும் இயல்புடையது. ஆகவே மிக்கும் ஓயாமல் இயங்குகிறது. பெரும்பாலும் அந்த மரபணுவின் புரதத்தை உருவாக்கும் பகுதி முழுமையாகவே இருக்கும், அது யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் மாறியிருக்கும்.

ஆசிரியர் மகன்களைப் பற்றி மட்டும் சொன்னார். மகள்களைப் பற்றி ஒரு சொல். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவின் தொடக்க நாட்களிலேயே முடக்கப்பட்டுவிடுகிறது. மேரி லயன் 1961-இல் முன்வைத்த இந்தக் கருத்தின்படி, எது முடங்குவது என்பது செல்லுக்குச் செல் தற்செயலாக அமைகிறது. ஒருமுறை முடங்கியது அச்செல்லின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் முடங்கியே இருக்கும். ஆகவே ஒரு குரோமோசோமில் மட்டும் குறையுள்ள ஆப்சின் வரிசையைப் பெற்ற பெண்ணின் விழித்திரை, சரியான கூம்புகளும் குறையுள்ள கூம்புகளும் திட்டுத்திட்டாகக் கலந்ததாக இருக்கும்; பொதுவாக அதுவே நிறங்களைப் பிரித்தறியப் போதுமானது. ஆனால் முடக்கம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவதும் உண்டு. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருவருக்கு நிறக்குறைபாடும் மற்றவருக்கு இயல்பான பார்வையும் இருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவர்கள் பெற்ற எக்ஸ் குரோமோசோம்கள் ஒன்றே, அவற்றிலிருந்த ஆப்சின் வரிசையும் ஒன்றே. எந்த எக்ஸ் எத்தனை செல்களில் முடங்கியது என்பதில்தான் இருவரும் வேறுபட்டார்கள்.